கையால் மூடிய சுரம் குறையன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில், வயலின், பிரெஞ்சு ஹார்ன், பியானோ ஆகிய மூன்று கருவிகளும் சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய சேம்பர் இசையை, அதாவது ஒரு சிலர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் இசையை, பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று இப்படிப்பட்ட பொருளுக்கு அரைப்பக்கம் ஒதுக்குவது அரிது. அதற்கு முதலில் என் நன்றி. ஆனால் அக்கட்டுரையின் நடுப்பகுதியில், ஜெர்மானிய இசையமைப்பாளர் யோகான்னஸ் பிராம்ஸ் 1865இல் இயற்றிய, ஓபஸ் (படைப்பு எண்) 40 கொண்ட மூவர் இசையைப் பற்றிக் கூறப்பட்டிருக்கும் கருத்து உண்மைக்கு மாறானது. அதைக் கேட்கப் போகும் புதிய வாசகரின் காதை அது தவறான திசையில் திருப்பிவிடும் என்று அஞ்சுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கட்டுரையாளர் சொல்வதன் சாரம் இது: பிராம்ஸ் காலத்தில் வால்வு (அழுத்தினால் குழாயின் நீளத்தை மாற்றும் பொறி) பொருத்திய ஹார்ன் கைக்கு எட்டாததால் அவர் பழைய கருவிக்கு எழுத நேர்ந்தது, அந்தப் பழைய கருவியில் சில சுரங்கள் மூக்கடைத்ததைப் போலக் கேட்கும், இன்றைய கருவியில் அந்தக் குறை நீங்கிவிட்டது, ஹார்ன் ஒலி பிடிக்காதவர்கள் அதன் இடத்தில் செல்லோவை வைத்து வாசித்த பதிவைக் கேட்கலாம், இழப்பு ஒன்றும் இல்லை. இவற்றுள் முதல் கூற்று வரலாற்றுப் பிழை. அதன்மேல் கட்டப்பட்டவையாதலால் மற்றவையும் நிற்கவில்லை.

நான் இசைப் புலவன் அல்லன். கீழக்கரையில் பிறந்து, இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். என் வாப்பா சங்குக் கிட்டங்கி ஒன்றில் தரம் பிரிக்கும் வேலை பார்த்தார். பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒலியியல் பாடம் நடத்தியதும், சிறுவயதில் சங்குக் குவியலுக்கு நடுவே வளர்ந்ததும் சேர்ந்து என்னை இந்த இசையிடம் கொண்டு போய்ச் சேர்த்தன. தொண்ணூறுகளில் மதுரையில் ஒரு பழைய ஒலிநாடாக் கடையில், அட்டை கிழிந்து கிடந்த நாடா ஒன்றை இருபது ரூபாய்க்கு வாங்கி வந்ததில் தொடங்கிய பழக்கம், இப்போது பேரனின் கைப்பேசியில் தொடர்கிறது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். நம் ஊரில் ‘ஹார்ன்’ என்றதும் நினைவுக்கு வருவது லாரியின் பின்பலகையில் ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதியிருப்பதுதான். ‘பிரெஞ்சு’ என்ற அடைமொழியும் ஆங்கிலேயரின் வழக்கமே. இன்று இசைக்குழுக்களில் காணும் கருவி பெரும்பாலும் ஜெர்மானியர் கையில் வளர்ந்தது. அதை வாசிப்பவர்களின் பன்னாட்டுச் சங்கமே 1971இல் அந்த அடைமொழியைக் கைவிடலாம் என்று பரிந்துரைத்தது. நம்மிடம் ‘கொம்பு’ என்ற சொல் இருக்கிறது. கோயில் புறப்பாட்டில் வளைந்து நிற்கும் அந்தக் கருவியைப் பார்த்தவர் எவருக்கும் பொருள் விளங்கும். பழந்தமிழில் ‘கோடு’ என்ற ஒரே சொல் விலங்கின் கொம்பையும் ஊதுகொம்பையும் சங்கையும் குறித்தது என்பதை அகராதியில் காணலாம். இம்மூன்றையும் ஒரே சொல்லுக்குள் அடக்கியவர்களுக்குக் காது இருந்திருக்கிறது. ஆகவே இனி இக்கடிதத்தில் கொம்பு என்றே எழுதுகிறேன்.

இனி வரலாறு. கொம்புக்கு வால்வு பொருத்தும் முறையை ஹைன்ரிஹ் ஷ்டோல்செல் என்பவர் 1814ஆம் ஆண்டளவில் பெர்லினில் அறிமுகப்படுத்தினார். 1818இல் அதற்கு உரிமம் வழங்கப்பட்டது. பிராம்ஸ் பிறந்ததே 1833இல்தான். அவர் இந்த மூவர் இசையை எழுதியபோது வால்வுக்கு ஐம்பது வயது ஆகியிருந்தது. பிராம்ஸைக் கைதூக்கிவிட்டவரான மூத்த இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான், வால்வுக் கொம்புக்கும் பியானோவுக்கும் என்றே 1849இல் ஓபஸ் 70ஐ எழுதினார். அதே ஆண்டில் நான்கு கொம்புகளும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் பெரிய உருப்படி ஒன்றையும் எழுதினார். ஷூமான் வீட்டுப் பிள்ளையைப் போல இருந்த பிராம்ஸுக்கு இவை தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. புதிய கருவி கடையில் இருந்தது, அதற்கான இசையும் அச்சில் இருந்தது. அப்படியிருந்தும் அவர் தம் உருப்படிக்கு ‘வால்டுஹார்ன்’, அதாவது காட்டுக் கொம்பு, என்று எழுதி வால்வில்லாத பழைய கருவியைக் கேட்டார். கொம்பு வாசிப்பவர், மூடிய சுரங்களின் காரணமாகத் தாழ்ந்த குரலில் வாசிக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் போனால், பியானோவும் வயலினும் அவருக்கு ஏற்பத் தங்களைத் தாழ்த்திக்கொள்ள வேண்டிய கட்டாயமும் போய்விடும், தொடக்கத்திலிருந்தே ஒலி முரட்டுத்தனமாகிவிடும் என்பது பிராம்ஸ் தாமே தெரிவித்த காரணம். கைக்கு எட்டாததால் பழையதை எடுத்துக்கொண்டவர் இப்படிப் பேசமாட்டார்.

மூடிய சுரம் என்றால் என்ன என்பதைக் கட்டுரையாளர் விளக்காமல் கடந்துவிட்டார். இந்த விவகாரத்தின் உயிர்நிலை அதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

ஈ-ஃப்ளாட் சுருதிக்கான வால்வில்லாத கொம்பு, ஏறத்தாழ பதினான்கு அடி நீளமுள்ள ஒரு பித்தளைக் குழாய். அதைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்கிறார்கள். துளை இல்லை, பொத்தான் இல்லை. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஊதினால், அந்தக் குழாய் தன் இயல்பால் எந்தச் சுரங்களைத் தருமோ அவை மட்டுமே வரும். நம் சுரப் பெயர்களில் சொன்னால், அடிச் சட்ஜத்தை ஒன்றாம் படி என்று கொண்டு எண்ணும்போது, இரண்டாம் படி மேல் சட்ஜம், மூன்றாம் படி பஞ்சமம், நான்காம் படி மறுபடி சட்ஜம், ஐந்தாம் படி அந்தர காந்தாரம், ஆறாம் படி பஞ்சமம். ஏழாம் படியில் கைசிகி நிஷாதம் வருகிறது, ஆனால் சற்றே இறங்கி. எட்டு சட்ஜம், ஒன்பது சதுச்ருதி ரிஷபம், பத்து அந்தர காந்தாரம். பதினொன்றாம் படியோ சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவில், இரண்டு வீட்டுக்கும் சொந்தமில்லாமல் நிற்கிறது. தம்புராவில் மந்தர சட்ஜத் தந்தியை மீட்டியதும் யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று தானாக எழுவதை நம் வித்துவான்கள் சுயம்பு காந்தாரம் என்பார்கள். கொம்பின் ஐந்தாம் படியும் அதே காந்தாரம்தான். தந்திக்கும் குழாய்க்கும் இயற்கை ஒரே கணக்கைத்தான் எழுதி வைத்திருக்கிறது. இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் இதை எழுதிக் காட்டியிருக்கிறேன். மாணவர்களில் யாரும் பெரிதாக வியந்ததாக நினைவில்லை.

இந்தப் படிகளுக்கு இடையில் உள்ள சுரங்கள் வேண்டுமென்றால் என்ன செய்வது? பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், டிரெஸ்டன் நகரத்து வாசிப்பாளரான ஹம்பெல் என்பவர் ஒழுங்குபடுத்தியதாகச் சொல்லப்படும் வழி, கொம்பின் விரிந்த வாய்க்குள் வலது கையைச் செலுத்தித் திறப்பைக் குறைப்பது. கை உள்ளே போகப்போகச் சுரம் இறங்கும். கூடவே குரலின் நிறமும் மாறும். திறந்த சுரம் வெயிலில் நிற்பதுபோல் ஒலித்தால், கை மூடிய சுரம் கதவுக்கு அப்பாலிருந்து பேசுவதுபோல் ஒலிக்கும். கட்டுரையாளர் மூக்கடைப்பு என்று எழுதியது இதைத்தான்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்ணால் பார்த்திருக்கிறேன். வாப்பா வேலை பார்த்த கிட்டங்கியில், மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த சங்குகள் சுவர் ஓரம் இடுப்பளவு குவிந்து கிடக்கும். துளையிட்ட பலகை ஒன்றில் நுழைத்துப் பார்த்துச் சிறியதைத் தனியாகவும் பூச்சி அரித்ததைத் தனியாகவும் ஒதுக்குவார்கள். பெரும்பகுதி வளையல் அறுக்க வங்காளத்துக்குப் போகும். எப்போதாவது கோயிலிலிருந்து ஊதுசங்கு வாங்க ஆள் வருவார்கள். அப்போது வாப்பா, முனை அறுத்துத் தேய்த்து வைத்திருக்கும் நாலைந்து சங்குகளை எடுத்து ஒவ்வொன்றாக ஊதிக் காட்டுவார். தொழுகைக்குக் கிளம்பத் தலையில் தொப்பியோடு நிற்கும் மனிதர் கோயிலுக்குச் சங்கு ஊதிக் காட்டுவதில் எங்கள் ஊரில் யாருக்கும் விசித்திரம் தெரிந்ததில்லை. ஊதிக்கொண்டிருக்கும்போதே வலது கையின் நான்கு விரல்களைச் சங்கின் வாய்க்குள் மெதுவாக நுழைப்பார். உடனே ஓசை இறங்கும். இறங்குவது மட்டுமல்ல, ஊதுபவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டதுபோல் அது உள்ளே போகும். விரலை எடுத்ததும் மறுபடி கடற்கரை முழுவதும் கேட்கும். விரிசல் விழுந்த சங்கு விரலுக்குள் சரியாக அதிராது என்பது அவர் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கைவிட அந்த இறக்கம்தான் பிடித்திருந்தது. திரும்பத் திரும்ப ஊதச் சொல்லித் தொல்லை கொடுத்து அடியும் வாங்கியிருக்கிறேன். சங்கும் வால்வில்லாத கொம்பும் இந்த விஷயத்தில் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. இராமநாதபுரம் கடற்கரையில் பிறந்தவனுக்கு மூடிய சுரம் அன்னியமாகப் படாததற்கு அதுவே காரணம்.

இப்போது பிராம்ஸின் உருப்படிக்கு வருகிறேன். 1865 பிப்ரவரி 2ஆம் நாள் அவருடைய தாயார் கிறிஸ்டியானே ஹாம்பர்கில் காலமானார். வியன்னாவிலிருந்து விரைந்து போன மகனுக்கு உயிரோடு முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அந்த ஆண்டுக் கோடையில், பாடன்-பாடனை அடுத்த லிக்டென்டால் என்ற ஊரில், காட்டு மலைகளின் அடிவாரத்தில் தங்கியிருந்தபோதுதான் இந்த மூவர் இசை உருவானது. பிராம்ஸின் தகப்பனார் பிழைப்புக்காகக் கொம்பும் டபுள் பாஸும் வாசித்தவர். பிராம்ஸ் சிறுவனாக இருந்தபோது வால்வில்லாத கொம்பைக் கற்றுக்கொண்டார். ஆக, தாயை இழந்த ஆண்டில் அவர் கேட்டது தாம் பிள்ளையாக இருந்தபோது வீட்டில் ஒலித்த கருவியை. தாயாரை எண்ணித்தான் எழுதினார் என்று பிராம்ஸ் ஏட்டில் எழுதி வைக்கவில்லை என்றாலும், மூன்றாம் பகுதிக்கு அவர் இட்ட ‘அடாஜியோ மெஸ்டோ’ என்ற தலைப்பில் அடாஜியோ என்பதற்கு மெதுவாக என்றும் மெஸ்டோ என்பதற்குத் துயரத்தோடு என்றும் பொருள்.

அந்த மூன்றாம் பகுதி ஈ-ஃப்ளாட் மைனரில் அமைந்தது. மைனர் என்றால், நம் கணக்கில் அந்தர காந்தாரம் போய்ச் சாதாரண காந்தாரம் வர வேண்டும், சுத்த தைவதமும் வர வேண்டும். மேலே நான் எழுதிய படிவரிசையை வாசகர்கள் மறுபடி பார்க்கட்டும். சாதாரண காந்தாரம் அதில் இல்லை. சுத்த தைவதமும் இல்லை. ஈ-ஃப்ளாட் கொம்பில் அந்தக் காந்தாரம் வேண்டுமானால், இயற்கையாகக் கிடைக்கும் அந்தர காந்தாரத்தை ஊதி, கையை உள்ளே செலுத்தி அதை இறக்க வேண்டும். ஆக, இந்தப் பகுதியின் துக்கத்தைச் சுமக்கும் சுரமே கை மூடாமல் பிறக்காத சுரம். ஒவ்வொரு முறை அது வரும்போதும் கொம்பின் குரல் உள்ளே போய்த் திரும்புகிறது. பியானோ தன் இடது மிதிகட்டையை அழுத்தி, கீழ் ஸ்தாயியில் விரித்து வாசிக்கும் தனித் தொடக்கத்துக்குப் பிறகு வயலினும் கொம்பும் நுழைகின்றன. பின்னர் ஓரிடத்தில் பியானோ ஒதுங்கிவிட, கொம்பு தனியாக மெல்லிய வரி ஒன்றைத் தொடங்குகிறது, வயலின் அதைப் பின்தொடர்கிறது. அந்த வரியை வால்வில்லாத கொம்பில் கேட்டால், ஒரு சுரம் வெளியே, மறு சுரம் உள்ளே, மறுபடி வெளியே என்று, பேச வந்தவர் இடையிடையே தொண்டை அடைத்து நிறுத்துவதைப் போல இருக்கும். வால்வுக் கொம்பில் அதே வரி ஒரே நிறத்தில் ஓடுகிறது. சுருதி சுத்தமாக இருக்கிறது, ஆனால் யார் இறந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிச் சாவு விழுந்தால் சங்கும் சேகண்டியும் கேட்கும். பாடம் நடத்திக்கொண்டிருக்கும் வகுப்பும் ஒரு கணம் அமைதியாகும். துக்கத்தைச் சொல்ல ஊதும் கருவியை நாடுவது நமக்குப் புதிதன்று என்பதற்காக இதைக் குறிப்பிட்டேன்.

பகுதிகளின் வரிசைக்கும் இந்தக் கருவிக்கும் தொடர்பு உண்டு. பிராம்ஸின் மற்றச் சேம்பர் உருப்படிகளிலெல்லாம் முதல் பகுதி சொனாட்டா வடிவில், சட்ஜத்தை அடிக்கடி மாற்றித் தொலைதூரம் சென்று திரும்பும் பயணமாக இருக்கும். இது ஒன்றில் மட்டும் முதல் பகுதி அவ்வடிவில் இல்லை. வயலின் ஆரம்பித்துக் கொம்பிடம் ஒப்படைக்கும் நிதானமான ஒரு பாட்டு, இடையில் சற்று வேகம் கூடிய மற்றொரு பாட்டு, மறுபடி முதற்பாட்டு என்று மாறி மாறி வருகிறது. ஒரே குழாயை மடியில் வைத்திருப்பவர் சட்ஜத்தை விட்டு வெகுதூரம் போக முடியாது என்பதை இசையமைப்பாளர் மதித்திருக்கிறார். நான்கு பகுதிகளும் ஈ-ஃப்ளாட் என்ற ஒரே ஆதார சுருதியில் நிற்கின்றன. ஆதார சுருதியை மாற்றாத இசையில் ஊறிய நமக்கு, மேற்கத்திய உருப்படிகளில் இது எளிதில் கைவரக்கூடிய ஒன்று என்பேன். துயரப் பகுதியின் முடிவுக்குச் சற்று முன்னால், கடைசிப் பகுதியின் வேட்டைப் பாட்டு மிக மெதுவாக, கனவில் கேட்பதுபோல் ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு மறைகிறது. அதற்குப் பிறகு வரும் கடைசிப் பகுதி குதிரைக் குளம்புத் தாளத்தில் பாய்கிறது. அங்கே கொம்பு பெரும்பாலும் திறந்த சுரங்களில் விளையாடுகிறது. மூடியிருந்த கை விலகும்போது வரும் வெளிச்சம் அது. மூடிய சுரத்தைக் குறை என்று ஒதுக்கியவருக்கு இந்த வெளிச்சமும் கிடைக்காது.

நான் பழமைவாதி என்று கட்டுரையாளர் எண்ண வேண்டாம். வால்வுக் கொம்பில் வாசிப்பது தவறு என்று நான் சொல்லவே இல்லை. ஆப்ரி பிரெயின் (கொம்பு), அடால்ஃப் புஷ் (வயலின்), ருடால்ஃப் செர்கின் (பியானோ) மூவரும் 1933இல் செய்த பதிவு இரைச்சல் நிறைந்த பழைய பதிவு. கருவியும் வால்வுக் கருவியே. இருந்தும் எந்தப் புதிய பதிவுக்கும் அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அந்த மூவரும் ஒருவர் குரலுக்கு ஒருவர் இடம் விட்டு வாசிக்கிறார்கள். நல்ல வாசிப்பாளர் வால்வு இருந்தும் மூடிய சுரத்தின் நினைவை உதட்டில் வைத்திருப்பார். அதேபோல, 1866இல் உருப்படி அச்சில் வந்தபோதே கொம்புக்கு மாற்றாகச் செல்லோ குறிப்பிடப்பட்டது என்பதும் உண்மைதான். வயோலாவுக்கும் பின்னர் இடம் தரப்பட்டது. கொம்பு வாசிப்பவர் கிடைக்காத ஊர்களிலும் ஏடு விற்க வேண்டும் அல்லவா! மாற்று இருக்கிறது என்பதிலிருந்து இழப்பில்லை என்ற முடிவுக்குக் கட்டுரையாளர் தாவியதைத்தான் மறுக்கிறேன். செல்லோவுக்கு எல்லாச் சுரமும் ஒன்றே. சாதாரண காந்தாரத்துக்காக அது எதையும் மூட வேண்டியதில்லை.

இந்த இசையை நேரில் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்த மூவர் ஒரு சிறிய அரங்கில் வாசித்தார்கள். கொம்பின் வாய் வாசிப்பவருக்குப் பின்பக்கம் பார்ப்பது. அதன் ஒலி பின்சுவரில் பட்டுத் திரும்பித்தான் நம்மிடம் வர வேண்டும். அன்று அவருக்குப் பின்னால் தரைவரை தொங்கிய கனத்த வெல்வெட் திரை, வந்த ஒலியையெல்லாம் குடித்துவிட்டது. பியானோவின் மூடியையோ முழுவதும் திறந்து வைத்திருந்தார்கள். அடாஜியோவில் எனக்குக் கொம்பு கேட்டதைவிட அதை வாசித்தவரின் மூச்சு அதிகம் கேட்டது. முடிந்ததும் அமைப்பாளர் ஒருவரிடம் பணிவாகச் சொன்னேன். “முன்னாடி மைக் வெச்சிருந்தோமே, சார்” என்றார். இதை யார்மீதும் குற்றமாகச் சொல்லவில்லை. கொம்பு சத்தமான கருவி, அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். தங்கள் கட்டுரையின் தலைப்பிலும் ‘முழக்கம்’ என்ற சொல் இருந்தது. இந்த உருப்படியில் கொம்பு முழங்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மூன்று கருவிகளும் ஒன்றோடொன்று ஒட்டாதவை என்ற கட்டுரையாளரின் கருத்தை நான் அவ்வளவாக மறுக்கவில்லை. உண்மையில் ஒட்டாதவைதான். ஒன்றை வில்லால் இழுக்கிறார்கள், ஒன்றை ஊதுகிறார்கள், ஒன்றில் சுத்தியல் தந்தியை அடிக்கிறது. பியானோவின் சுரங்கள் சமமாகப் பங்கிட்டுக் கட்டப்பட்டவை. கொம்பு இயற்கையின் பங்கீட்டை விடாது. வயலின் இருவருக்கும் நடுவே விரலை நகர்த்திச் சமாதானம் பேசுகிறது. அந்தச் சமாதானப் பேச்சுதான் கேட்கச் சுவையானது. ஒட்டாது என்று தள்ளியிருந்தால், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாலுசாமி தீட்சிதர் வெள்ளைக்காரர் வயலினைக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்திருக்க மாட்டார். பின்னாளில் சேதுபதிகளின் ஆதரவில் விளங்கிய பூச்சி சீனிவாச அய்யங்காரைப் போன்றோரின் கச்சேரிகளுக்கு வயலின் பக்கவாத்தியமாக அமைந்திருக்கவும் முடியாது.

கட்டுரை பிராம்ஸோடு நின்றுவிட்டதும் ஒரு குறையே. ஷார்ல் கெக்லென், லெனாக்ஸ் பெர்க்லி முதலிய பிற்கால இசையமைப்பாளர்களும் இந்த மூன்று கருவிகளுக்கு எழுதியிருக்கிறார்கள். அவற்றை விட்டுவிடலாம். ஆனால் கியோர்கி லிகெட்டி 1982இல் எழுதிய மூவர் இசையை விட்டுவிட்டு இப்பொருளைப் பேச முடியாது, ஏனெனில் நான் இதுவரை வாதாடியதற்கு அதுவே சாட்சி. ‘பிராம்ஸுக்கு அஞ்சலி’ என்ற துணைத் தலைப்போடு வந்த அந்த உருப்படியில் பிராம்ஸின் மெட்டு ஒன்றுகூட இல்லை. லிகெட்டி கேட்டது வால்வுக் கொம்பைத்தான். ஆனால் வால்வுகளை அவர் பயன்படுத்திய விதம் வேறு. ஒரு வால்வை அழுத்தினால் குழாயின் நீளம் மாறி அது வேறொரு இயற்கைக் கொம்பாகிறது அல்லவா? அப்படி மாறி மாறிப் பல இயற்கைக் கொம்புகளாக அதை ஊதச் சொல்லி, ஏழாம் படியின் இறங்கிய நிஷாதத்தையும் பதினொன்றாம் படியின் வீடில்லாத மத்யமத்தையும் திருத்தாமல் அப்படியே விடச் சொன்னார். முதன்முதலில் அதைக் கேட்டபோது என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து, கைப்பேசி கெட்டுவிட்டதா என்று கேட்டாள். பியானோ ஒரு சுருதிக் கணக்கிலும் கொம்பு மற்றொரு கணக்கிலும் நிற்பதால் எழும் உரசல் அது. ‘லாமென்டோ’ என்ற கடைசிப் பகுதி, இறங்கிக்கொண்டே போகும் ஒப்பாரி. அதன் முடிவில் வயலின் எட்டாத உயரத்தில் நூலாகத் தொங்க, கொம்பு அடியாழத்துக்குப் போய்விடுகிறது. வால்வு குறையை நீக்கிவிட்டது என்ற கூற்று உண்மையானால், பிராம்ஸுக்கு 117 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ஒருவர், வால்வைக் கையில் வைத்துக்கொண்டே அந்தக் ‘குறை’யைத் தேடிப் போயிருப்பாரா?

எனவே தாங்கள் அருள்கூர்ந்து, வால்வுக் கொம்பு கிடைக்காததால் பிராம்ஸ் பழைய கருவிக்கு எழுதினார் என்ற வாக்கியத்துக்கு மட்டுமாவது அடுத்த இணைப்பில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். மற்றவை கருத்து வேறுபாடுகள். அவற்றைக் கட்டுரையாளரோடு நேரில் பேசித் தீர்த்துக்கொள்ள நான் தயார். அவர் வால்வில்லாத கொம்பில் வாசித்த பதிவு ஒன்றைத் தேடி எடுத்து, மூன்றாம் பகுதியை மட்டும், பக்கத்தில் யாரும் பேசாத நேரத்தில் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். பிறகு இராமேசுவரம் பக்கம் வர நேர்ந்தால் கீழக்கரையில் ஒரு மணி நேரம் இறங்கட்டும். வாப்பா கோயில்காரர்களுக்கு ஊதிக் காட்டிய சங்குகளில் ஒன்றை, முனையில் சிறிய உடைப்பு இருந்ததால் யாரும் வாங்கவில்லை. அது என் அலமாரியில் இருக்கிறது. இன்னும் ஊதுகிறது. நான் ஊதுகிறேன், விரல்களை அவர் உள்ளே விட்டுப் பார்க்கலாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்.